ஐந்தாவது டம்ளர்

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எத்தனை டம்ளர் இருக்குன்னு எண்ணினியா தம்பி?" என்று அண்ணி கேட்டபோது ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

கையிலிருந்த நாவலில் அந்தப் பக்கம் அப்படிப்பட்டது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா டீ ஊற்றுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதற்கே அவன் கர்ச்சீப் ஒன்றை நனைத்து முடித்திருந்தான்.

"அழறதை அப்புறம் வச்சுக்கோ. எண்ணு."

எண்ணினான். அப்பா, அம்மா, மகன், மகள். நாலு பேர். 'அம்மா ஐந்து டம்ளர்களையும் வரிசையாக வைத்து டீயை ஊற்றினாள்' என்று எழுதியிருந்தது.

"அஞ்சு. அதனால என்ன அண்ணி? யாராவது ரெண்டு டம்ளர் குடிச்சிருப்பாங்க. நான் குடிக்கிறதில்லையா?"

"நீ மூணு குடிப்பே. உன்னை வச்சு ஊரை அளக்க முடியாது."

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. நிறுத்துகிற பொத்தான் இல்லாத வாய் என்பதால் வந்த பெயர். வயது முப்பத்திரண்டு. அண்ணன் வீட்டில் சாப்பாடு, அண்ணிக்கு உதவியாள் உத்தியோகம். அண்ணியோ பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள்கள் கவுன்டரில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவள். ஒரே பெட்டிக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடி வந்து நின்றாலும் யார் பெட்டி என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அந்தப் பெயர் பரவித்தான் துப்பறிகிற தொழிலே வந்து ஒட்டிக்கொண்டது. இவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

இன்றைக்கும் ஒரு பொருளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். பொருள், ஒரு நாவல்.

பதிப்பகத்தின் ஆசிரியை மேசைமேல் இரண்டு கட்டுகளைச் சேர்த்து வைத்தாள். ஒன்று கையெழுத்து, நானூறு பக்கம், முத்து முத்தாக. இன்னொன்று, ரேடியோ காலையிலிருந்து உட்கார்ந்து படித்தது, டைப் அடித்தது. எழுதியவர் பெயர் மட்டும்தான் வேறு. உள்ளே எழுத்துக்கு எழுத்து ஒரே நாவல்.

"எங்க போட்டிக்கு வந்ததுலயே இதுதான் முதல் பரிசு, அதுல சந்தேகமே இல்லை. யாரோடதுங்கிறதுதான் சந்தேகம். கையெழுத்துல அனுப்பினது போஸ்ட்மாஸ்டர். டைப் அடிச்சு அனுப்பினது ஒரு தையல்காரம்மா. ரெண்டு பேரும் தன்னோடதுன்னு அடிச்சுச் சொல்றாங்க."

"அஞ்சரை மணி கெடுவா?" என்றாள் அண்ணி.

"ஆமா. அதுக்குள்ள தெரியலைன்னா ரெண்டையும் தள்ளுபடி பண்ணச் சொல்லிட்டார் முதலாளி. தள்ளுபடி ஆச்சுன்னா திருட்டு நாவல்னு முத்திரை விழுந்துடும். அப்புறம் எந்தப் பதிப்பகமும் அதைத் தொடாது. உண்மையில எழுதினது யாரோ, அவங்க கதை அதோட முடிஞ்சுது."

மணி இரண்டு.

படியிறங்கும்போதே ரேடியோ தீர்ப்பு எழுதிவிட்டான். "இதுல துப்பறிய என்ன இருக்கு அண்ணி? போஸ்ட்மாஸ்டர் ஏற்கெனவே ரெண்டு நாவல் எழுதினவர். ஒண்ணு என் தலையணைக்கடியில இருக்கு, இன்னொண்ணு இந்தப் பையில. எழுத்தாளர் வட்டத்துக்கே தலைவர். அந்தம்மா ஜாக்கெட் தைக்கிறவங்க. கத்தரிக்கோலை வச்சு நாவலை வெட்டி எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்."

"அவர் கடைசியா எழுதி எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினோரு வருஷம். ஆனா வருஷா வருஷம் அடுத்தது வருதுன்னு சொல்லிட்டேதான் இருக்கார்."

"ம்," என்றாள் அண்ணி. அந்த 'ம்' ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை.

*

போஸ்ட்மாஸ்டர் ஓய்வு பெற்றாலும் தபால் ஆபீஸ் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. கூடத்தில் கடிதம் பிரிக்கிற பெரிய மர அலமாரி, குட்டிக் குட்டி அறைகளோடு சுவரை அடைத்து நின்றது. ஒவ்வோர் அறைக்கும் கீழே ஒரு சீட்டு: 'பேங்க்', 'நர்ஸ்', 'கணக்கு வாத்தியார்', 'தையல்'.

"வட்டத்துல இருக்கறவங்க அம்மா," என்று விளக்கினார். "எங்க வட்டத்துல ஒரு வழக்கம். புதுசா சேர்றவங்க எழுதினதை முதல்ல நான் படிக்கணும். நான் சரின்னு சொன்னப்புறம்தான் கூட்டத்துல வாசிக்கலாம். அதுவரைக்கும் தாள் இங்கே, அவங்கவங்க அறையில இருக்கும்."

'பேங்க்' அறை பிதுங்கியது. 'நர்ஸ்' அறை காலி, உள்ளே விரலால் கோலம் போடுகிற அளவுக்குத் தூசி. 'தையல்' அறையும் காலி. ஆனால் துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

"தையல்காரம்மா ஒண்ணும் எழுதலையா?" என்றாள் அண்ணி.

"சேர்ந்து மூணு வருஷமாச்சு, ஒரு வரி கொடுத்ததில்லை. டைப் நல்லா அடிப்பாங்க. என் நாவலை அத்தியாயம் அத்தியாயமா டைப் அடிக்கக் கொடுத்தேன். நம்பித்தான் கொடுத்தேன்." குரல் தழுதழுத்தது. "வயித்தெரிச்சல் அம்மா. பெத்த பிள்ளையை இன்னொருத்தி இடுப்புல வச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

ரேடியோ அவசரமாகப் பையிலிருந்து அவருடைய பழைய நாவலை எடுத்து நீட்டினான். அவர் பேனாவைத் திறந்து, 'ரசிக்கத் தெரிந்த தம்பிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு வீட்டில் போய்த்தான் கணக்குத் தீர்க்கவேண்டும்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றாள் அண்ணி. "டீ ஊத்துற இடம். வீட்டுல நாலு பேர். டம்ளர் அஞ்சு."

போஸ்ட்மாஸ்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகத்தில் ஒரு பெருமிதம்.

"இதைக் கவனிச்ச முதல் ஆள் நீங்கதான். முதல் அத்தியாயத்துல, தாத்தா போன வருஷம் செத்துட்டார்னு ஒரு வரி வரும். அம்மா வருஷக்கணக்கா அஞ்சு டம்ளர் வச்ச கை. பழக்கத்துல அஞ்சு வைக்கிறா. யாரும் அதைச் சொல்லிக்காட்டலை. அந்த வீட்டுக்கு அந்த ஒரு டம்ளர்தான் துக்கம்."

ரேடியோ இரண்டாவது கர்ச்சீப்பைத் தேடினான். அடடா! இதை எழுதியவனைத் தவிர வேறு எவனால் இப்படிச் சொல்ல முடியும்? கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "அருமை சார். இதே மாதிரி வேற எங்கயாவது, இல்லாத ஆளுக்கு ஒரு பொருளை வச்சிருக்கீங்களா?"

"இல்லவே இல்லை. நாவல் முழுக்க ஒரே ஒரு இடம்தான். ரெண்டாவது தடவை வச்சா மலிஞ்சுபோயிடும் அம்மா. அதுதான் தொழில் ரகசியம்."

"அஞ்சு மணிக்குப் பதிப்பகத்துக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி செருப்பை மாட்டினாள்.

*

தையல் கடை என்பது ஓர் அறை. இரண்டு மெஷின், வெட்டுகிற மேசை, மூலையில் ஒரு பழைய டைப்ரைட்டர், கொடியில் தொங்கும் பழுப்புக் காகித அளவு மாதிரிகள்: கை, கழுத்து, முதுகு.

இவர்கள் படியேறியதும் தையல்காரம்மா செய்த முதல் காரியம், மேசைமேல் இருந்த ஒரு காகிதச் சுருளைக் காலால் மேசைக்கடியில் தள்ளியது. ரேடியோ பார்த்துவிட்டான். அண்ணியின் முழங்கையை இடித்தான். அண்ணி, பார்த்தேன் என்பதுபோல் அவன் காலை மிதித்தாள்.

"ஒன்பது வருஷம்," என்றாள் தையல்காரம்மா. நாற்பதைத் தாண்டியவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தடம். "காலையில மெஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். ஒன்பது வருஷமும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் எனக்காக இருந்தது. அதையும் இல்லைன்னு ஆக்கிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

"கையெழுத்துப் பிரதி இருக்கா?"

அவள் பார்வை மேசைக்கடியில் போய்விட்டுத் திரும்பியது. "இல்லை."

"ஒரு நோட்டுகூடவா?" என்று ரேடியோ புகுந்தான். "ஒன்பது வருஷம் காத்துலயா எழுதினீங்க?"

"நான் நோட்டுல எழுதறதில்லை."

"அப்ப போஸ்ட்மாஸ்டர்கிட்ட படிக்கக் கொடுத்ததாவது உண்டா?"

"முதல் நாலு அத்தியாயம் மூணு வருஷத்துக்கு முன்னாடி, நேரா போய் வாசிச்சுக் காட்டினேன். முழுசா டைப் அடிச்சதுல ஒரு பிரதியைப் போன வருஷம் கொடுத்தேன். இன்னும் பக்குவப்படலைன்னு சொல்லிட்டே இருந்தார். திருப்பிக் கொடுக்கவேயில்லை."

"யாராவது பார்த்தாங்களா?"

"கொடுக்கும்போது எதுக்குச் சார் சாட்சி வைக்கிறது?"

ரேடியோ மனசுக்குள் சிரித்துக்கொண்டான். நோட்டு இல்லை, சாட்சி இல்லை, மேசைக்கடியில் மட்டும் ஏதோ இருக்கிறது.

அண்ணி அதே கேள்வியைப் போட்டாள். "டீ ஊத்துற இடத்துல நாலு பேர்தானே? எதுக்கு அஞ்சு டம்ளர்?"

தையல்காரம்மாவின் முகம் வெளுத்தது. "அஞ்சா? அஞ்சுன்னா இருக்கு? இருக்காதே... நாலுதான் இருக்கணும்." கையை நீட்டினாள். "அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

அண்ணி கையோடு கொண்டுவந்த டைப் பிரதியைப் பிரித்துக் காட்டினாள். தையல்காரம்மா படித்தாள், விரல்விட்டு எண்ணினாள், படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "போச்சு. மானம் போச்சு."

மாட்டிக்கொண்டாள்! ரேடியோவுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. தன் நாவலில் எத்தனை டம்ளர் என்றுகூடத் தெரியாத நாவலாசிரியை! ஆனால் துள்ள முடியவில்லை. அந்தம்மாள் முகம் அப்படி இருந்தது.

அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து மேசைக்கடியில் கையை விட்டாள். சுருளிலிருந்து ஒரு தாளை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரேடியோவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சட்டைக் கையின் வடிவம் மட்டும்தான்.

"கடையைப் பூட்டிட்டு எங்ககூட வாங்க," என்றாள். "வழியில ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்த டம்ளரைப் பத்தி எங்கிட்டகூடச் சொல்லக் கூடாது."

*

ஐந்து மணி. ஆசிரியையின் அறையில் ஐந்து பேர், ஐந்து டீ. யார் முகத்தையும் யாரும் நேராகப் பார்க்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் தாத்தாவின் டம்ளரைப் பற்றி மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை இன்னும் அழகாக. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். நிச்சயம் அது தூசிக்காக இல்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்று அண்ணி தையல்காரம்மா பக்கம் திரும்பினாள்.

"சார் சொல்ற மாதிரி பெரிய விஷயமெல்லாம் இல்லைங்க." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "அது தப்பு. என் கவனக்குறைவு. அது சித்தப்பாவோட டம்ளர்."

போஸ்ட்மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "எந்தச் சித்தப்பா? நாவலை ஒரு தடவையாவது படிச்சீங்களாம்மா? இதுல சித்தப்பான்னு ஒரு ஆளே கிடையாது!"

"முன்னாடி இருந்தார் சார்," என்றாள் தையல்காரம்மா. முதல் தடவையாக நிமிர்ந்தாள். "நீங்கதானே தூக்கச் சொன்னீங்க? நாலு அத்தியாயம் வாசிச்சுக் காட்டினேனே, ஞாபகமில்லையா? 'கல்யாணமாகாத தம்பி ஒருத்தன் அண்ணன் வீட்டுல உக்காந்து டீ குடிக்கிறான், கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, தூக்கு'ன்னீங்க. வீட்டுக்குப் போய் அழுதுட்டே தூக்கினேன். ஆளைத் தூக்கினேன், டம்ளரைத் தூக்க மறந்துட்டேன்."

அண்ணன் வீட்டில் டீ குடிக்கிற தம்பி. ரேடியோவுக்கு ஏனோ நாற்காலி குத்தியது.

"கட்டுக்கதை!" என்றார் போஸ்ட்மாஸ்டர். ஆனால் சிரிப்பு நின்றிருந்தது.

"இருக்கலாம்," என்றாள் அண்ணி. "அம்மா, அந்தச் சித்தப்பா கதையில இன்னும் எங்கெல்லாம் இருந்தார்? பேப்பரைப் பார்க்காம சொல்லுங்க. தம்பி, நீ சாரோட கையெழுத்துப் பிரதியை எடு. அவங்க சொல்ற இடத்தைப் பிரிச்சு உரக்கப் படி."

ரேடியோ அந்த முத்து முத்தான எழுத்தைக் கையில் எடுத்தான். இதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறான்!

தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டாம் அத்தியாயம். மழை. எல்லாரும் கிளம்பற இடம். அவரோட குடை அங்கே இருந்துச்சு."

ரேடியோ புரட்டினான். "'நால்வரும் ஆளுக்கொரு குடையோடு இறங்கினார்கள். கதவோரம் மிச்சமிருந்த குடை சரிந்து விழுந்தது.'"

"தாத்தாவோட குடையா இருக்கக் கூடாதா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நாவல்ல ஒரே ஒரு இடம்தான்னு மத்தியானம் சொன்னீங்களே சார்," என்றாள் அண்ணி மெதுவாக. "அடுத்தது."

"ஒன்பதாவது. வீடு மாத்தறாங்க. அம்மா தலையணை அடுக்குவா."

"'ஐந்து தலையணைகளையும் ஒரே போர்வையில் கட்டினாள்.'" ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது.

"பதினேழு. ராத்திரி எல்லாரும் வந்து படுத்தாச்சு. அதுல கதவு."

அவன் பக்கத்தைக் கண்டுபிடித்தான். படித்தான். வாய்க்குள்ளேயே மறுபடி ஒரு தடவை படித்துக்கொண்டான்.

"உரக்க," என்றாள் அண்ணி.

"'எல்லோரும் உறங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் வழக்கம்போல் கதவைத் தாழிடாமல் வந்து படுத்தாள்.'"

"சித்தப்பாவுக்கு ரெண்டாவது ஷிஃப்ட்," என்றாள் தையல்காரம்மா. "பதினோரு மணிக்கு மேலதான் வருவார்."

ரேடியோ தலையைத் தூக்கித் தன் தலையணைக்கடியில் குடியிருந்த எழுத்தாளரைப் பார்த்தான். "சார்... டம்ளர் தாத்தாவுக்கு, சரி. குடை தாத்தாவுக்கு, அதையும் ஒத்துக்கறேன். செத்துப்போன தாத்தா நடந்து வருவார்னா சார் கதவைத் திறந்து வச்சாங்க?"

கிண்டலாகத்தான் கேட்க நினைத்தான். கேட்கும்போது அழுகை வந்துவிட்டது.

அண்ணி கைப்பையைத் திறந்து அந்தப் பழுப்புத் தாளை மேசைமேல் விரித்தாள். சட்டைக் கையின் அளவு மாதிரி. ஓரமெல்லாம் குண்டூசி குத்தின துளை, சுண்ணக்கட்டிக் கோடு. திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழுக்க நுணுக்கி நுணுக்கிப் பென்சில் எழுத்து. கத்தரிக்கோல் வெட்டின இடத்தில் வாக்கியங்கள் பாதியில் நின்றன. நடுவே ஒரு வரி மட்டும் முழுசாகப் பிழைத்திருந்தது: 'சித்தப்பா ஐந்தாவது டம்ளரை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.'

"டைப் அடிச்சதும் வெட்டிடுவேங்க," என்றாள் தையல்காரம்மா வெட்கத்தோடு. "நல்ல தடிப் பேப்பர், வீணாக்க மனசு வராது. நாவலை வெட்டிச் சட்டைக்கை மாதிரி பண்ணிட்டாளேன்னு சிரிப்பீங்களேன்னு மறைச்சேன்."

"பன்னிரண்டு வருஷம் கவுன்டர்ல உக்காந்து நான் பார்த்தது இதுதான்," என்றாள் அண்ணி. "பெட்டி தன்னோடது இல்லாத ஆள், அது எவ்வளவு அழகான பெட்டின்னு சொல்வான். சொந்தக்காரங்க, உள்ளே எங்க கிழிஞ்சிருக்குன்னு சொல்வாங்க, அதுவும் கூச்சப்பட்டுக்கிட்டு. சார், இந்த டம்ளரைப் பார்த்து உங்களுக்குப் பெருமை வந்துச்சு. இவங்களுக்கு மானம் போச்சு."

போஸ்ட்மாஸ்டர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "திருடணும்னு உக்காரலை," என்றார். "எங்கே குறை இருக்குன்னு பார்க்கத்தான் கையால எழுதிப் பார்த்தேன். பதினோரு வருஷமா ஓடாத பேனா ஓடுச்சு. நூறு பக்கம் போனப்புறம் என் கையெழுத்துல இருக்கறது என்னோடது இல்லைன்னு எனக்கே தோணலை."

அவர் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவர் டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. அண்ணி அதை ரேடியோ பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாம் அண்ணி," என்றான். டீயை வேண்டாமென்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

மணி ஐந்து இருபது. ஆசிரியை தையல்காரம்மாவின் பெயரை அறிவிப்புத் தாளில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து வெளியே அனுப்பினாள். தையல்காரம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒன்பது வருடத்து அழுகை, அவசரப்படாமல் வந்தது. அது முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இந்தாங்க," என்று ஆசிரியை பென்சிலை நீட்டினாள். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சை நாலாக்கிடுங்க. குடை, தலையணை, கதவு எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க. சின்ன வேலைதான்."

தையல்காரம்மா பென்சிலை வாங்கினாள். தன் டைப் பிரதியில் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். டம்ளர்மேல் பென்சிலை வைத்தாள். வைத்த இடத்திலேயே கை நின்றுவிட்டது.

"கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத ஆளா?" என்று ரேடியோ கேட்டான். வழக்கமான சத்தம் அதில் இல்லை.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

"நான் அப்படித்தான் நம்பித் தூக்கிட்டேன்," என்றாள். "ஆனா அந்த வீட்டம்மா தூக்கலை பாருங்க. அவ பாட்டுக்கு டம்ளர் வச்சிருக்கா, தலையணை வச்சிருக்கா, கதவையும் தாழ்ப்பாள் போடலை." பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு வாரம் கொடுங்க மேடம். அந்த மனுஷனை உள்ளே கூப்பிட்டுக்கறேன்."